வேற வண்டி வீல நம்ம வண்டிக்கு மாட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்துக்கு ரெண்டு பேராவது ஒரு அலாய் வீல் போட்டோவ அனுப்பி "இது என் வண்டிக்கு செட் ஆகுமா"ன்னு கேக்குறாங்க, தனித்தனியா பதில் சொல்லி விரல் தேஞ்சு போச்சு, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். நான் மெக்கானிக் கிடையாது. இதே விஷயத்துல சொந்தக் காசு போட்டு ஒரு தடவை நல்லா அடிபட்டவன், அதுக்கப்புறம் ஒழுங்கா கத்துக்கிட்டவன், அவ்வளவுதான்.

கே: பிசிடி மேட்ச் ஆனா போதும்னு கடைக்காரர் சொல்றாரே, உண்மையா?

பாதி உண்மை. மீதி பாதியில தான் ஆபத்து இருக்கு. பிசிடின்னா வீல்ல இருக்கிற நட்டு ஓட்டைகளோட மையம் எல்லாத்தையும் தொட்டுட்டு ஒரு வட்டம் போட்டா அந்த வட்டத்தோட விட்டம். 4×100ன்னா 4 ஓட்டை, 100 மில்லிமீட்டர் வட்டம். இது மேட்ச் ஆகலைன்னா பெரும்பாலும் வீல் ஏறவே ஏறாது, அதனால இந்தத் தப்ப அதிகமா யாரும் பண்ண மாட்டாங்க. பண்றது என்னன்னா பிசிடி மேட்ச் ஆகி வீல் அழகா ஏறி உக்காந்ததும், ஆஹா செட் ஆயிடுச்சுன்னு காசு குடுத்துட்டு கிளம்பிடறது. நடு ஓட்டை சைஸ், நட்டு உக்கார்ற இடத்தோட ஷேப், நட்டோட மரை, ஈடி (வீல் எவ்வளவு உள்ள, வெளிய தள்ளி நிக்கும்ங்கிற அளவு), இது நாலும் வேறயா இருந்தாலும் பெரும்பாலும் வீல் ஏறத்தான் செய்யும், அன்னைக்கு சாயங்காலம் வீடு வரைக்கும் நல்லாவும் ஓடும். பிரச்சனை 300 கிலோமீட்டர் கழிச்சு தான் வரும்.

கே: உங்களுக்கு என்ன ஆச்சு? அத சொல்லுங்க முதல்ல.

என்கிட்ட 2018 மாடல் ஸ்விஃப்ட், அடி வேரியன்ட், 14 இன்ச் இரும்பு வீல். ஹோண்டா சிட்டியோட 16 இன்ச் ஒரிஜினல் அலாய் 4 செகண்ட்ஸ்ல வந்துச்சு, பாக்க அவ்வளவு அழகு. ரெண்டு வண்டியும் 4×100 தான். மாட்டுன கடையில "தம்பி, பிசிடி ஒன்னு, கண்ண மூடிட்டு மாட்டலாம்"னு சொன்னாங்க, நானும் மூடிட்டேன். என்னோட பழைய ஸ்விஃப்ட் நட்டையே போட்டு கன்ல டர்ர்ருன்னு இறுக்கி குடுத்துட்டாங்க.

மறுநாள் பைபாஸ்ல 85 தாண்டுனதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிச்சுது. பேலன்ஸிங் பண்ணேன், போகல. வேற கடையில இன்னொரு தடவை பண்ணேன், அப்பவும் போகல. ரெண்டு வாரம் கழிச்சு முன்னாடி இடது பக்கம் "டக் டக்"னு சத்தம், நிறுத்திப் பாத்தா 4 நட்டுல 3 நட்டு கையாலயே சுத்துற அளவுக்கு லூஸ். நெஞ்சு படபடன்னு அடிச்சுது சார், பின்னாடி சீட்ல குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு.

கழட்டிப் பாத்தப்ப தான் புரிஞ்சுது, ஒன்னு இல்ல ரெண்டு தப்பு. சிட்டி வீலோட நடு ஓட்டை 56.1 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் ஹப் (வீல் மாட்டுற இடத்துல வண்டியில நடுவுல நீட்டிட்டு இருக்கிற வட்டம்) 54.1. அந்த 2 மில்லிமீட்டர் கேப்ல வீல் ஹப் மேல உக்காராம சும்மா தொங்கிட்டு இருந்துருக்கு, நடுக்கம் அதனால. ரெண்டாவது தப்பு தான் உயிருக்கு உலை வைக்கிறது, ஹோண்டா ஒரிஜினல் அலாய்ல நட்டு உக்கார்ற குழி உருண்டை ஷேப், கிண்ணம் மாதிரி. ஸ்விஃப்ட் நட்டு கூம்பு ஷேப். கிண்ணத்துக்குள்ள கூம்ப வச்சா முழுசா படியாது, ஒரு மெல்லிசான கோடு மட்டும் தான் தொடும். இறுக்கும்போது டைட்டா தான் தெரியும், ஓட ஓட அந்தக் கோடு அலுமினியத்துல பதிஞ்சு இறங்கும், இறங்குனதும் நட்டு லூஸ் ஆகிடும்.

கே: நடு ஓட்டை பெருசா இருந்தா என்ன, நட்டு தானே வீல பிடிச்சிட்டு இருக்கு?

நட்டு தான் பிடிக்குது, ஆனா எப்படி பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். நட்ட இறுக்கும்போது ஸ்டட்டு (ஹப்புல நீட்டிட்டு இருக்கிற, நட்டு ஏறுற மரைக் கம்பி) கொஞ்சூண்டு இழுபட்டு ஸ்பிரிங் மாதிரி வீல ஹப்போட சேத்து அமுக்குது, அந்த அமுக்கத்துல வர்ற உராய்வு தான் வண்டி பாரத்த தாங்குது. வீல சரியா நடுவுல நிறுத்துறது ஹப்போட வேலை. நடு ஓட்டை ஹப்புல கரெக்டா உக்காந்தா தான் வீல் மையம் மாறாம சுத்தும். கேப் இருந்தா கூம்பு நட்டு ஓரளவுக்கு இழுத்து நடுவுல கொண்டு வரும்தான், ஆனா கால் மில்லிமீட்டர் தள்ளி நின்னாலே 80, 90ல ஸ்டியரிங் சொல்லிடும். பேலன்ஸிங் மெஷின்ல வீல் அந்த மெஷினோட கூம்புல உக்காருது, உங்க ஹப்புல இல்ல, அதனால மெஷின் எப்பவும் ஜீரோ ஜீரோ தான் காட்டும். நான் ரெண்டு தடவை காசு குடுத்து வாங்குன பாடம் இது.

தீர்வு ரொம்ப சிம்பிள், ஹப் ரிங். வெளி விட்டம் 56.1, உள் விட்டம் 54.1ன்னு ஒரு வளையம், பிளாஸ்டிக்லயும் வரும் அலுமினியத்துலயும் வரும். பிளாஸ்டிக்னா பயப்படாதீங்க, பாரத்த அது தாங்குறதில்ல, மாட்டும்போது நடுவுல நிறுத்துறது மட்டும் தான் அதோட வேலை. அலுமினிய ரிங் கடற்கரை ஊர்கள்ல இரும்பு ஹப்போட ஒட்டிக்கிட்டு கழட்டவே வராம அடம் பிடிக்கும், சென்னை தூத்துக்குடி ஆளுங்க பிளாஸ்டிக்கே போடுங்க.

இதுக்கு நேர் எதிர், வீலோட ஓட்டை உங்க ஹப்ப விட சின்னதா இருந்தா ரிங் எல்லாம் உதவாது, வீல் உள்ளயே போகாது. ஸ்விஃப்ட் அலாய் 54.1, அத சிட்டிக்கு மாட்ட முடியாது. லேத்ல குடுத்து 2 மில்லிமீட்டர் கடைஞ்சுக்கலாம்னு சொல்லுவாங்க. நல்ல மெஷின்ல மையம் பிடிச்சு கடையத் தெரிஞ்சவர் கிட்ட குடுத்தா சரியா வரும், ஆனா அப்படி ஒருத்தர கண்டுபிடிக்கிற நேரத்துல வேற வீல் வாங்கிடலாம்.

கே: எந்த வண்டிக்கு என்ன அளவு? ஒரு லிஸ்ட் போடுங்க ப்ரோ.

எனக்கு உறுதியா தெரிஞ்சத மட்டும் சொல்றேன். மாருதி ஸ்விஃப்ட், பலேனோ 4×100, நடு ஓட்டை 54.1. டொயோட்டா எட்டியோஸ், லிவா, அப்புறம் ஹூண்டாய் கிராண்ட் ஐ10 கூட அதே 4×100, 54.1. ஹோண்டா சிட்டி, ஜாஸ், அமேஸ், பிரியோ 4×100, ஆனா 56.1. இந்த கூட்டத்துக்குள்ள தான் நம்ம ஊர்ல முக்கால்வாசி மாத்தல் நடக்குது.

ஃபோர்டு ஃபிகோ, ஈகோஸ்போர்ட் 4×108, இது தனிக்காட்டு ராஜா, மேல சொன்ன 4×100 வண்டி எதோடயும் ஒத்துப்போகாது. போலோ, வென்ட்டோ, பழைய ராபிட் 5×100, நடு 57.1. 2013க்கு அப்புறம் வந்த ஆக்டேவியாவும் ஜெட்டாவும் அதே குடும்பம் தானே, மாட்டலாம்னு நினைக்காதீங்க, அது 5×112.

பெரிய வண்டில பிரெஸா 5×114.3, நடு 60.1, இன்னோவா அதே அளவு. டஸ்டர் 5×114.3, நடு 66.1. கிரெட்டா 5×114.3, நடு 67.1. அதனால கிரெட்டா வீல பிரெஸாவுக்கு ரிங் போட்டு மாட்டலாம், பிரெஸா வீல் கிரெட்டா ஹப்புல நுழையாது. ஃபார்ச்சூனர் 6×139.7, அத மேல சொன்ன எந்த காருக்கும் நினைச்சுக் கூட பாக்க வேணாம். ஜிப்ஸியும் ஜிம்னியும் 5×139.7, நடு 108, பழைய ஜிப்ஸிக்கு ஜிம்னி வீல் போடுறது அதனால தான் சுலபமா நடக்குது.

இந்த 114.3, 139.7 எல்லாம் ஏன் இப்படி ஒரு கோணல் நம்பர்னு யோசிச்சிருக்கீங்களா? 4.5 இன்ச், 5.5 இன்ச், அத மில்லிமீட்டருக்கு மாத்துனது, அவ்வளவுதான் ரகசியம்.

கே: 4×98க்கும் 4×100க்கும் 2 மில்லிமீட்டர் தானே வித்தியாசம், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ல?

பண்ணக்கூடாது. பழைய ஃபியட் பாலியோ 4×98. அதுல 4×100 வீல் போட்டா ஏறிடும், அது தான் கொடுமையே. ஒவ்வொரு ஓட்டையும் 1 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், போல்ட்டு சாஞ்சு போய் ஒரு பக்கமா மட்டும் அமுக்கும். இதுக்குன்னே தலை அசையுற மாதிரி ஸ்பெஷல் போல்ட்டு உண்டு, அது இல்லாம சாதா போல்ட்ட போட்டு இறுக்குறது தற்கொலை.

கே: பிசிடிய நானே வீட்ல அளக்க முடியுமா?

4 ஓட்டைன்னா ரொம்ப ஈஸி, ஒரு ஓட்டையோட உள் விளிம்புல இருந்து எதிர் ஓட்டையோட வெளி விளிம்பு வரைக்கும் அளங்க, மையம் தேட வேண்டிய அவசியமே இல்ல, அதுவே பிசிடி. 5 ஓட்டைக்கு எதிர் ஓட்டை கிடையாது, அதனால பக்கத்து பக்கத்து ஓட்டை ரெண்டோட மைய தூரத்த அளந்து 1.701ஆல பெருக்குங்க. 67.2 வந்தா 114.3, 65.8 வந்தா 112, 58.8 வந்தா 100. பாருங்க, 112க்கும் 114.3க்கும் நீங்க அளக்குற தூரத்துல ஒன்றரை மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்ல, டேப்ப வச்சு அளந்துட்டு "கிட்டத்தட்ட தான் இருக்கு"ன்னு வாங்கிடாதீங்க, வெர்னியர் காலிப்பர் வேணும். அதுக்கும் முன்னாடி வீலோட பின்பக்கம் துடைச்சு பாருங்க, சைஸும் ஈடியும் அச்சு எழுத்துல வார்த்துருப்பாங்க.

கே: நட்டு விஷயம் இன்னும் புரியல. எந்த வண்டிக்கு எந்த நட்டு?

ரெண்டு விஷயத்த தனித்தனியா பாக்கணும். மரை உங்க வண்டி ஸ்டட்ட பொறுத்தது. உக்கார்ற ஷேப் நீங்க வாங்குற வீல பொறுத்தது. குழப்பம் வர்றது இந்த ரெண்டையும் ஒன்னா நினைக்கறதால தான்.

மரைல மாருதி எல்லாம் எம்12 (12 மில்லிமீட்டர் தடிமன்), 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டர்ல). ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் எம்12, 1.5 பிட்ச். கண்ணால பாத்தா ரெண்டும் ஒன்னு தான். ஹோண்டா நட்ட மாருதி ஸ்டட்டுல கையால சுத்துனா ரெண்டு மூணு சுத்து போகும், அப்புறம் கடிக்கும். கையால சுத்துறவன் அங்கயே நிறுத்திடுவான், கன் வச்சிருக்கிறவன் அழுத்திடுவான், மரை மொத்தமா போயிடும். அதனால எந்தக் கடையா இருந்தாலும் நட்ட முதல்ல கையால கடைசி வரைக்கும் சுத்தச் சொல்லுங்க, முகத்த சுளிச்சாலும் பரவால்ல. எத்தனை சுத்து போகுதுன்னும் எண்ணுங்க, மாருதில குறைஞ்சது 10 சுத்து, 1.5 பிட்ச் வண்டில 8 சுத்து. அதுக்குக் கம்மின்னா ஸ்டட்டு வெளிய போதுமான நீளம் நீட்டிட்டு இல்லன்னு அர்த்தம்.

ஒரு கூத்து கேளுங்க, டொயோட்டா கிளான்சாவுக்கு டொயோட்டா நட்டு வாங்கிட்டு வந்து ஏறலன்னு ஒருத்தர் சண்டை போட்டுட்டு இருந்தார். கிளான்சா வேற பேர்ல வர்ற பலேனோ தானே, 1.25 தான் ஏறும்.

ஷேப்புக்கு வந்தா, மாருதி, ஹூண்டாய், அப்புறம் வெளிய தனியா விக்கிற அலாய் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஹோண்டா ஒரிஜினல் உருண்டை. பழைய டொயோட்டா ஒரிஜினல் அலாய் நிறைய வாஷரோட தட்டையா உக்கார்ற நட்டு, அதுல கூம்பு நட்டு போட்டா சுத்தமா பிடிக்காது. ஃபோக்ஸ்வாகன் ஸ்கோடால நட்டே கிடையாது, எம்14 போல்ட்டு, தலை உருண்டை. என் கேஸ்ல எனக்கு வேண்டியது 1.25 மரை, உருண்டை உக்காரல், ரெண்டும் சேந்த நட்டு. சென்னைல ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜிபி ரோடு பூரா அலைஞ்சும் அப்படி ஒன்னு கிடைக்கல.

கே: ஸ்டெப்னிக்கு என்ன பண்றது?

நல்ல கேள்வி, யாரும் கேக்க மாட்டாங்க. ஸ்டெப்னி பழைய இரும்பு வீலாவே தான் இருக்கும், அதுக்கு பழைய நட்டு தான் செட் ஆகும். புது வீலுக்கு வேற ஷேப் நட்டு போட்டிருந்தா பழைய நட்டு ஒரு செட்ட டிக்கில ஜாக்கியோட கட்டி வைங்க. ராத்திரி 11 மணிக்கு உளுந்தூர்பேட்டை பக்கம் பஞ்சர் ஆகி நிக்கும்போது தான் அதோட அருமை தெரியும்.

கே: ஈடின்னா என்ன? வீல் வெளிய தள்ளிட்டு நின்னா கெத்தா இருக்குமே?

வீலோட அகலத்துக்கு சரியா நடுவுல ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டுற முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கோ அது ஈடி. நம்பர் குறைய குறைய வீல் வெளிய வரும். 5.5 ஜே (அதாவது 5.5 இன்ச்) அகலம், ஈடி 45 இருந்த இடத்துல 6 ஜே, ஈடி 35 போடுறீங்கன்னு வைங்க, வெளி விளிம்பு 16 மில்லிமீட்டருக்கு மேல வெளிய வந்துடும். கெத்தா தான் இருக்கும். ஆனா ஸ்டியரிங் கனமாகும், வீல் பேரிங் மேல பாரம் ஏறும், 5 பேர் ஏறி ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குனா ஃபெண்டர் டயர வழிச்சு எடுத்துடும். மழைக்காலத்துல சேறு பூரா கதவு மேல தான். ஈடி ஒரிஜினல்ல இருந்து 5 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நான் கண்டுக்க மாட்டேன், 10 தாண்டுனா வேணாம்னு தான் சொல்லுவேன்.

ஈடி ரொம்ப அதிகமா இருந்தா வீல் உள்ள போய் சஸ்பென்ஷன இடிக்கும், அதுக்கு ஸ்பேசர் போடலாம்னு ஆரம்பிப்பாங்க. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல தகடு, ஸ்டட்டுல பிடிமானம் அந்த அளவு குறையும். பிசிடிய மாத்துற அடாப்டரும் விக்குது. நம்ம ரோட்டுக்கு ரெண்டுமே எனக்கு பிடிக்காது, இது என் அபிப்பிராயம் மட்டும் தான், கோவப்படாதீங்க.

கே: 14 இன்ச்சுல இருந்து 16 இன்ச் போனா மீட்டர் தப்பா காட்டுமா?

டயர சரியா எடுத்தா காட்டாது. கணக்கு போட்டு பாருங்க, அடி வேரியன்ட் ஸ்விஃப்ட்ல 165/80 ஆர்14. 14 இன்ச்னா 355.6 மில்லிமீட்டர், அதோட டயர் சுவர் 165ல 80 சதவீதம் 132, அது மேலயும் கீழயும் ரெண்டு தடவை, மொத்தம் 619.6. டாப் வேரியன்ட் 185/65 ஆர்15 போட்டா 621.5. பலேனோ டயர் 195/55 ஆர்16ன்னா 620.9. மூணும் ஏறக்குறைய ஒரே உயரம், கம்பெனிக்காரன் சும்மா போடல. பலேனோ 16 இன்ச் அலாய் ஸ்விஃப்ட்டுக்கு அவ்வளவு பொருத்தமா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான், பிசிடி ஒன்னு, நடு ஓட்டை ஒன்னு, நட்டும் அதே நட்டு, டயர் உயரமும் அதே. எனக்கு மட்டும் அன்னைக்கு சிட்டி அலாய் மேல ஆசை வந்துச்சு.

சிட்டியோட சொந்த டயர் 185/55 ஆர்16ஓட மாட்டுனா உயரம் 609.9, ஒன்றரை சதவீதத்துக்கு கொஞ்சம் மேல குறையுது, மீட்டர் 100 காட்டும்போது உண்மையில 98 தான் போவீங்க. 3 சதவீதத்துக்குள்ள இருந்தா பரவால்லன்னு பொதுவா சொல்லுவாங்க. இன்ச் ஏற ஏற டயர் சுவர் குறையும்ங்கிறத மறந்துடாதீங்க, பள்ளத்துல விழுந்தா அடி நேரா ரிம்முக்கு தான் போகும்.

கே: மேக் வீல்னு சொல்றோமே, அது மக்னீசியமா?

இந்தக் கேள்விக்குத் தான் நான் காத்துட்டு இருந்தேன். இல்ல, அலுமினியம். பேர் மட்டும் தான் மக்னீசியத்தோடது. அமெரிக்கால ரேஸ் கார்களுக்கு ஹாலிபிராண்ட் மாதிரி ஆளுங்க நிஜமாவே மக்னீசியத்துல வீல் வார்த்தாங்க, அத மேக்னு கூப்பிட்டாங்க. அப்புறம் ரோட்டு வண்டிக்கு அதே மாதிரி டிசைன்ல அலுமினியத்துல பண்ணாங்க, பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. நம்ம ஊர் பைக் கடையில இன்னைக்கும் "ஸ்போக்கா மேக்கா"ன்னு தானே கேக்குறாங்க.

மக்னீசியம் ஏன் ரோட்டு வண்டிக்கு பெருசா வரலன்னா, எடை ரொம்ப கம்மி தான், அதே கன அளவுக்கு இரும்பு 7.85ன்னா அலுமினியம் 2.7, மக்னீசியம் 1.74. ஆனா உப்புத் தண்ணி பட்டா சீக்கிரம் அரிச்சுடும். தீப்பிடிச்சா அணைக்கிறதும் கஷ்டம். 1955ல லே மான் ரேஸ்ல மெர்சிடிஸ் கார் கூட்டத்துக்குள்ள பறந்து விழுந்த பயங்கர விபத்துல அந்தக் காரோட உடம்பு மக்னீசிய கலவை, தண்ணி ஊத்த ஊத்த இன்னும் எரிஞ்சுதாம்.

இப்ப உங்க அலாய்ல என்ன இருக்கு? ஏ356ன்னு ஒரு கலவை தான் உலகம் பூரா ரொம்ப சாதாரணமா ஓடுறது. அலுமினியத்துல சுமார் 7 சதவீதம் சிலிக்கான், 0.3 சதவீதம் போல மக்னீசியம். சிலிக்கான் எதுக்குன்னா உருக்குனது தண்ணி மாதிரி ஓடி ஸ்போக் மூலை முடுக்கெல்லாம் நிரம்பணும்ல, அதுக்கு. அந்த 0.3 மக்னீசியம் சாம்பார்ல பெருங்காயம் மாதிரி, அளவு தக்குனூண்டு, ஆனா அது இல்லாம வீல் உறுதியே வராது. வார்த்து முடிச்சதும் 540 டிகிரி பக்கம் சூடு பண்ணி தண்ணில முக்கி, மறுபடி 150, 160 டிகிரில சில மணி நேரம் வைப்பாங்க, அப்ப அந்த மக்னீசியமும் சிலிக்கானும் சேந்து கண்ணுக்கு தெரியாத பொடிப்பொடி துகளா உள்ள படிஞ்சு உலோகத்த இறுக்குது. டி6ன்னு சொல்றது இதைத்தான். ஆக மேக் வீல்ல இருக்கிற மேக் அந்த ஒரு சிட்டிகை தான்.

கே: அலாய் வளைஞ்சா சூடு பண்ணி நிமித்தி தர்றாங்களே, அது ஓகேவா?

மேல சொன்ன சூடு கதைய ஞாபகம் வச்சுட்டு யோசிங்க. 160 டிகிரில மெதுவா உறுதி ஏத்துன உலோகத்த கேஸ் டார்ச்ல கொளுத்துனா அந்த இடத்துல டி6 காலி. நிமிந்துடும், பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி இருக்கும், ஆனா அந்த இடம் மட்டும் மெத்துன்னு ஆகி அடுத்த பள்ளத்துல முதல்ல போறதும் அதுவா தான் இருக்கும். ரிம் உதடு லேசா நெளிஞ்சதுக்கு ஹைட்ராலிக் ஜாக் வச்சு சூடு இல்லாம நிமித்துறது சரி. ஸ்போக்லயோ நட்டு ஓட்டை பக்கத்துலயோ கிராக் விட்டா வெல்டிங் அது இதுன்னு போகாதீங்க, பழைய இரும்புக் கடை தான்.

இரும்பு வீலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, சுத்தியல எடுத்து நாலு தட்டு தட்டுனா பழையபடி வரும். தகட்ட வளைச்சு ரிம் தனி, நடுத்தட்டு தனின்னு பண்ணி வெல்டிங்ல ஒட்டுறது, சென்னை பாடிங்கிற ஊர்ல இருக்கிற வீல்ஸ் இந்தியா மாதிரி கம்பெனிங்க இந்த வேலைய பல தலைமுறையா பண்றாங்க. அசிங்கமா இருக்கு, துரு பிடிக்குது, ஆனா அடி வாங்குனா வளையும், உடையாது. மலை ரோடு, கிராம ரோடு அதிகமா ஓட்டுறவங்களுக்கு இரும்பே நல்லதுன்னு நான் சொன்னா பாதி பேர் ஒத்துக்க மாட்டீங்க, தெரியும்.

கே: அலாய் போட்டா வண்டி எடை குறைஞ்சு மைலேஜ் ஏறுமா?

வார்ப்பு அலாய் இரும்பு வீல விட பெருசா லேசு கிடையாது. அலுமினியம் லேசு தான், ஆனா வார்த்தது இரும்புத் தகடு அளவுக்கு உறுதி இல்லாததால தடிமனா போடணும், அதுக்கு மேல 14ல இருந்து 16க்கு போறீங்க, டயர் அகலமாகுது. எடை கூடுனாலும் கூடும். மைலேஜுக்காக அலாய் போடுறேன்னு வீட்ல சொல்லி காசு வாங்குனவங்க என்ன மன்னிச்சுக்கோங்க.

நிஜமா எடை குறையணும்னா ஃபோர்ஜ்டு. அது வார்க்கிறது இல்ல, 6061 அலுமினியக் கட்டிய ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்துல நசுக்கி எடுக்கிறது, விலை கேட்டா மயக்கம் வரும். நடுவுல ஃப்ளோ ஃபார்மிங்னு ஒன்னு, முகம் வார்ப்பு, சுத்து மட்டும் சூட்டோட உருட்டி நீட்டி மெல்லிசாக்குறது, காசுக்கு நல்ல மதிப்பு. கார்பன் ஃபைபர்ல கூட வந்துடுச்சு, நமக்கு அது வேடிக்கை பாக்க.

கே: டூப்ளிகேட் அலாய எப்படி கண்டுபிடிக்கிறது?

முன்பக்கம் பாக்காதீங்க, பின்பக்கம் பாருங்க. சைஸ், ஈடி, தயாரிச்ச கம்பெனி குறி, வார்த்த மாசம் வருஷம், எவ்வளவு கிலோ தாங்கும்ங்கிற நம்பர், இதெல்லாம் வார்ப்புலயே இருக்கணும். நம்ம ஊர் தயாரிப்புன்னா ஐஎஸ்ஐ முத்திரை, காருக்கான வீல் ரிம் ஸ்டாண்டர்டு ஐஎஸ் 16192ல வருது. ஜேடபிள்யூஎல்னு ஒரு ஜப்பான் குறி இருக்கும், அது தயாரிப்பாளரே போட்டுக்கிறது, கூட விஐஏன்னும் இருந்தா வெளி ஆள் சோதிச்சதுன்னு அர்த்தம். உருட்டி உருட்டி, சாய்ச்சு வளைச்சு, 13 டிகிரி சாய்ச்சு வச்சு மேல பாரத்த போட்டுன்னு வீலுக்கு சோதனை நிறைய இருக்கு, வெறும் வழவழன்னு ஒன்னுமே எழுதாத வீல் இது எதையும் பாத்திருக்காது.

தாங்குற கிலோ நம்பர கண்டிப்பா பாருங்க. உங்க வண்டி முழு பாரத்தோட எந்த ஆக்சில்ல அதிகமா நிக்குதோ அத ரெண்டால வகுங்க, வீல்ல இருக்கிற நம்பர் அதுக்கு மேல இருக்கணும். சின்ன கார் வீல பெரிய வண்டிக்கு மாட்டுறவங்க கோட்டை விடுறது இங்க தான். பழைய பார்ட்ஸ் விக்கிற சென்னை புதுப்பேட்டைல வாங்குறதா இருந்தா கையோட ஒரு பழைய துணியும் மண்ணெண்ணெய்யும் எடுத்துட்டு போங்க, பின்பக்க கரிய துடைச்சா தான் கிராக்கும் வெல்டிங்கும் தெரியும்.

கே: போலீஸ் பிடிப்பாங்களா? இன்சூரன்ஸ் வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனி குடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் இத உறுதிப்படுத்திடுச்சு. உங்க மாடலுக்கே மேல் வேரியன்ட்ல வர்ற வீல் டயர் சைஸ்ல நிக்கிறது தான் பாதுகாப்பு. டயர் ஃபெண்டர தாண்டி வெளிய நீட்டிட்டு இருந்தா பிடிச்சா ஏன் பிடிச்சாங்கன்னு கேக்காதீங்க. இன்சூரன்ஸ்ல வெளிய போட்ட அலாய தனியா சொல்லி, அதுக்கு பிரீமியம் கட்டி பாலிசில சேத்துருக்கணும், இல்லாட்டி திருடு போனா வீலுக்கு காசு வராது.

கே: மாட்டுனதுக்கு அப்புறம் என்ன பாக்கணும்?

டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு இறுக்கணும்னு அளவு வச்சு இறுக்குற ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்க, அளவு வண்டி மேனுவல்ல இருக்கும், சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர், போலோவுக்கு 120. நட்ட ஒன்னு விட்டு ஒன்னு எதிரெதிரா இறுக்கணும். 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒரு தடவை செக். ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க, எங்கயாவது உரசுதான்னு. பிரேக் காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் நடுவுல 3 மில்லிமீட்டராவது இருக்கணும்.

கே: நானோவுக்கு ஏதாச்சும் அலாய் இருக்கா அண்ணே?

தம்பி, நானோல வீலுக்கு 3 நட்டு தான்.

கே: கடைசியா, உங்க சிட்டி அலாய் என்ன ஆச்சு?

லேத்ல சொல்லி ஹப் ரிங் பண்ணேன், நட்டு தான் கிடைக்கவே இல்ல, வெறுத்துப் போய் பலேனோ அலாய் வாங்கி மாட்டிட்டேன், 110ல கூட ஒரு நடுக்கம் இல்ல. சிட்டி அலாய் 3 நல்லா இருந்துச்சு, சிட்டி வச்சிருக்கிற ஒருத்தர் வந்து பாத்து வாங்கிட்டு போனார். முன்னாடி இடது பக்கம் இருந்த நாலாவதுல நட்டுக் குழி நாலும் தேஞ்சு போயிருந்துச்சு, அத யாருக்கும் விக்க மனசு வரல. மொட்டை மாடியில சுவத்துல அடிச்சு வச்சிருக்கேன், செடிக்கு தண்ணி விடுற பைப் சுத்தி வைக்க அவ்வளவு வசதியா இருக்கு.